மாலுமியின் மொழி

எண்ணூரிலிருந்து இராயபுரம் நோக்கிக் கடலோரமாக வரும் விரைவுச் சாலையில் ஒருமுறை பயணம் செய்தவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். ஒருபுறம், கருங்கற்களைக் கொட்டி எழுப்பிய அலைத் தடுப்பு. மறுபுறம், மீனவர் குடியிருப்புகளும் தொழிற்சாலை மதில்களும். இரண்டிற்கும் நடுவே, துறைமுக வாயில் திறக்கும் நேரத்தை எதிர்நோக்கிச் சரக்குப் பெட்டிகளைச் சுமந்து நிற்கும் லாரிகளின் நீண்ட வரிசை. ஓட்டுநர்கள் வண்டியின் நிழலிலேயே சமைத்து உண்டு உறங்கி எழுவதும் உண்டு. அப்பெட்டிகளின் பக்கங்களில் உலக நாடுகளின் எழுத்துகளெல்லாம் வந்து போகின்றன. சீனம் போகும், கொரியம் போகும். இடையிடையே, கொடி படர்ந்தாற்போல் வலமிருந்து இடமாக ஓடும் அரபு எழுத்தும் போகும்.

அரபு எழுத்தை நம் பங்கு மக்களில் பெரும்பாலோர் இவ்வாறு பெட்டியின்மேலும், பேரீச்சம்பழ உறையின்மேலும், பள்ளிவாசல் முகப்பிலும் மட்டுமே கண்டிருப்பர். அது நமக்கு உரியதன்று என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. ஆனால் இக்கடற்கரைக்கும் அம்மொழிக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. எத்தனையோ குடும்பங்களில் அது சோற்றோடு தொடர்புடைய உறவு.

காரணம் கண்முன்னேயே இருக்கிறது. 1948இல் தொடங்கிப் பின்னர் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்ற எண்ணூர்த் தொழிற்சாலை, 1950களில் திருவொற்றியூரில் எழுந்த மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை, 1969இல் இயங்கத் தொடங்கிய மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல் மின்நிலையம் ஆகியவை வடசென்னை இளைஞரின் கைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தன. வெல்டர், ஃபிட்டர், ரிக்கர் எனப் பழகிய அக்கைகளை, 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபின் வளைகுடா நாடுகள் விரும்பி அழைத்தன. அன்று தொடங்கிய பயணம் இன்றும் நிற்கவில்லை. (மணலி ஆலை தொடக்கத்தில் ஈரான் நாட்டின் கூட்டோடு அமைந்தது. ஈரானியர் பேசுவது அரபு அன்று, பாரசீகம். அரபு எழுத்துகளோடு நான்கு எழுத்துகளைக் கூட்டி அதனை எழுதுகின்றனர். இரண்டும் ஒன்றே என எண்ணுவோர் நம்மிடையே நிறையப் பேர் இருப்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.)

எர்ணாவூர்ப் பக்கம் ஒருவர், பெயர் வேண்டாம், சவூதி அரேபியாவில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் வெல்டராகப் பணிபுரிந்து ஊர் திரும்பினார். கடைசியாக அவர் பெற்ற மாதச் சம்பளம் 1500 ரியால். அந்நாட்டின் 2005ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பணி முடிந்து வெளியேறும் தொழிலாளிக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளமும், அதற்குமேல் ஆண்டொன்றுக்கு ஒரு மாதச் சம்பளமும் பணிக்கொடையாக வழங்கப்பட வேண்டும். கணக்குப் போட்டால் ஐந்தரை மாதச் சம்பளம். அதாவது 8250 ரியால். அவர் கையில் வந்ததோ 5500. விமானம் ஏறும் அவசரத்தில் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். ஊருக்கு வந்தபின் உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் சொல்லக்கேட்டே குறைவை உணர்ந்தார்.

அவர் கையில் ஒரே ஒரு தாள் இருந்தது. முழுவதும் அரபு. "இங்கே கையெழுத்துப் போடு என்று காட்டினாங்க, போட்டேன் சாமி" என்றார். அந்நாட்டுச் சட்டப்படி ஒப்பந்தம் அரபியில் எழுதப்படவேண்டும். வேறு மொழியில் ஒரு படி இருந்தாலும் அரபு வாசகமே செல்லும். ஆதலால் எல்லாம் அத்தாளில்தான் இருந்தது. அண்டை வீட்டு முதியவரான பாய் ஒருவரிடம் காட்டினர். அவர் மிக்க அன்போடு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "எழுத்தை வாசிக்கிறேன் தம்பி. குர்ஆன் ஓதப் படித்த எழுத்து. ஆனா இது ஆபீசு பாஷை, பொருள் எனக்குத் தெரியாது" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

பொருள் சொன்னவர் அந்த வெல்டரின் அக்காள் மகள். துறைமுகத்தையொட்டிச் சரக்கு விடுவிப்பு முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவர். பல்கலைக்கழகப் பகுதிநேர வகுப்பில் அரபு படிப்பவர். அப்போது அவருக்கு இரண்டாம் ஆண்டு. பாய் வாசித்த சொற்களில் 'இஸ்திகாலா' என்ற ஒரு சொல்லில் அவர் நின்றுவிட்டார். அந்தச் சொல்லுக்குப் பின்னர் வருகிறேன்; முதலில் அவர் படிக்கப் போகும் வழியைச் சொல்லவேண்டும்.

ஒரு மாலை அவருடனும் அவர் தந்தையுடனும் நானும் பயணம் செய்தேன். விம்கோ நகரில் மெட்ரோ இரயில் ஏறினோம். தீப்பெட்டி செய்த கம்பெனியின் பெயரைத் தாங்கிய இந்நிலையம் வரை 2021 பிப்ரவரியில் பாதை நீண்டது. அதற்குமுன் இவ்வகுப்புக்கு இரண்டு பேருந்து மாறவேண்டும் என்றார் தந்தை. உயரப் பாதையில் செல்கையில் இடப்புறம் கூரைகளுக்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரிகிறது. மகள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். வலமிருந்து இடம் எழுதும் மொழியாதலால் புத்தகமும் பின்னட்டையிலிருந்தே தொடங்குகிறது. எதிரே அமர்ந்திருந்த பள்ளிச் சிறுவன் ஒருவன், "அக்கா, புக்கைத் தலைகீழா வெச்சிருக்கீங்க" என்று எச்சரித்தான்.

அரபு எழுத்துகள் 28. தமிழின் 247ஐக் கற்ற நமக்கு இது மிகச் சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் ஒவ்வோர் எழுத்தும் சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் தனித்தும் வெவ்வேறு வடிவு கொள்ளும். அலிஃப், தால், ஃதால், ரா, ஸாய், வாவ் என்னும் ஆறு எழுத்துகள் மட்டும் தமக்கு அடுத்து வருவதோடு கைகோக்க மறுக்கும். முதல் மாதம் இதிலேயே போய்விட்டதாம். இரண்டாம் மாதம் ஒலிகள். அங்கேதான் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சோதனை. ஒரு ககரத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளிக்கும் நமக்கு, அண்ணத்தில் பிறக்கும் 'க'வும் உள்நாக்கில் பிறக்கும் 'க'வும் வேறு வேறு எழுத்துகள் என்பது முதலில் விளங்குவதில்லை. 'கல்ப்' என்று உள்நாக்கால் சொன்னால் இதயம். முன்னே கொணர்ந்து சொன்னால் நாய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே! தொண்டையை இறுக்கிச் சொல்லும் 'ஐன்' என்ற எழுத்து இன்னொரு மலை. "முதல் ஆண்டு முழுக்க இருமல் வந்தவள்போல வீட்டில் திரிந்தாள் சாமி" என்று தந்தை சிரித்தார். அவர் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் பாரம் இறக்கியவர்.

காலடிப்பேட்டை வந்தது. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய 'காலெட்பேட்டை'தான் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. அயற்சொல்லைத் தன் நாவுக்கேற்ப வளைத்துக்கொள்வதில் வடசென்னைக்கு நிகர் வடசென்னையே. அரபுச் சொற்களையும் அவ்வாறே வளைத்து வைத்திருக்கிறோம். இராயபுரத்தில் தூய பேதுரு ஆலயத்தை எழுப்பிய படகோட்டிகளின் வழிவந்தவர்களைக் கேளுங்கள், படகைத் திருப்பும் கருவிக்கு என்ன பெயர் என்று. 'சுக்கான்' என்பர். அது அரபுச் சொல். கப்பலைச் செலுத்துபவர் 'மாலுமி'. அச்சொல் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு எனத் தமிழகராதி கூறும். முஅல்லிம் என்றால் ஆசிரியர்! இந்தியப் பெருங்கடலில் காற்றையும் விண்மீனையும் அறிந்து வழிகாட்டியவரை அரபு மாலுமிகள் ஆசிரியர் என்றே அழைத்தனர். கடலோடிகளான நம் முன்னோர் அச்சொல்லைக் கேட்டார்கள், தமக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள்.

தண்டையார்பேட்டையை நெருங்குகையில் இரயில் நிலத்தடிக்குள் இறங்குகிறது, கடல் மறைகிறது. தொண்டியிலிருந்து வந்து இப்பகுதியில் வாழ்ந்து அடங்கிய சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபுவை மக்கள் 'தொண்டியார்' என அழைத்தனர் என்றும், பேட்டையின் பெயர் அதிலிருந்து வந்தது என்றும் கூறுவர். அவர் தமிழில் பாடியவர். அரபுச் சொற்களைத் தமிழ்ச் சந்தத்தில் பிசிறின்றி அமைத்தவர். தமிழையே அரபு எழுத்தில் எழுதும் வழக்கமும் நம் கடற்கரையில் இருந்தது. 'அர்வி' எனப்படும் அம்முறையில், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை உண்டாக்கிக்கொண்டனர் காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும்.

மண்ணடியைக் கடந்து உயர் நீதிமன்ற நிலையம் வந்ததும் மகள் ஒரு விளையாட்டுக் காட்டினார். நீதிமன்றத்திற்குள் நாம் அன்றாடம் பேசும் சொற்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். வக்கீல், கைதி, ஜாமீன், வாரிசு, அசல், நகல், தாக்கல், ஆஜர், ஜப்தி, ரத்து என்று தந்தையும் நானும் அடுக்கினோம். அத்தனையும் அரபு வேரிலிருந்து, பெரும்பாலும் பாரசீகம், உருது வழியாக, நம்மிடம் வந்தவை. கோட்டுக்கு வெளியே வந்தாலும் விடவில்லை: ஜில்லா, தாலுக்கா, வசூல், பாக்கி, இனாம், மாமூல், பதில், நபர். "அப்ப எனக்குப் பாதி அரபு தெரியும்னு சொல்லு" என்றார் தந்தை. பாதியெல்லாம் இல்லை. ஆயினும் தமிழ் மாணவர் இம்மொழிக்குள் வெறுங்கையோடு நுழைவதில்லை என்பது உண்மை.

சென்ட்ரலைத் தாண்டி அரசினர் தோட்டத்தில் இறங்கி, கடற்கரையை நோக்கி நடந்தால் சேப்பாக்கம். ஆர்க்காட்டு நவாபின் அரண்மனை இங்கேதான் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதனையடுத்து 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம். இங்கு அரபு, பாரசீகம், உருது மொழிகளுக்கான துறை 1927இல் தொடங்கப்பெற்றது. அத்துறையின் பேராசிரியர் முகம்மது உசைன் நயினார், தென்னிந்தியாவைப் பற்றி அரபு நிலநூலார் எழுதிவைத்த குறிப்புகளைத் தொகுத்து 1942இல் ஒரு நூலாக வெளியிட்டார். நம் சோழமண்டலக் கரையை அவர்கள் 'மஅபர்' என்றனர். கடந்து செல்லும் துறை என்பது பொருள். இராயப்பேட்டையில் 1951இல் தோன்றிய புதுக்கல்லூரியிலும், அதே ஆண்டில் திருச்சியில் தொடங்கிய ஜமால் முகம்மது கல்லூரியிலும் அரபு கற்பிக்கப்படுகிறது. மதரஸாக்கள் வேறு. ஆகவே அரபு கற்க அரபு நாட்டுக்குப் போகவேண்டியதில்லை.

இன்னும் சொல்லப்போனால், உலகெங்கும் அரபு கற்கத் தொடங்குவோர் கையில் இருக்கும் பாடநூலே நம் ஊர்க்காரர் எழுதியது. வாணியம்பாடியில் 1933இல் பிறந்து, எகிப்தின் அல்-அஸ்ஹரில் பயின்று, மதீனா நகரின் இசுலாமியப் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு மாணவர்களுக்கு அரபு கற்பித்த டாக்டர் வ. அப்துர் ரஹீம் மூன்று பாகங்களாக இயற்றிய பாடநூல் அது. 2023இல் அவர் காலமானார். அந்நூலில் இலக்கண விதியைச் சொல்லிவிட்டு எடுத்துக்காட்டுத் தரும் வழக்கம் இல்லை. 'இது என்ன? இது வீடு' என்று தொடங்கி, சின்னஞ்சிறு வாக்கியங்களை அடுக்கி அடுக்கி, மாணவரே விதியைக் கண்டுகொள்ளுமாறு செய்துவிடுவார். பிறமொழி கற்று வளர்ந்த ஒருவருக்கே இந்தப் பொறுமை வாய்க்கும்போலும்.

வகுப்பைப் பற்றி நீட்டாமல், அம்மொழியின் உயிர்நாடியை மட்டும் கூறுகிறேன். தமிழ்ச் சொல்லில் பகுதி முன்னே நிற்கும். இடைநிலையும் விகுதியும் பின்னே வந்து சேரும். படி, படித்தான், படிப்பு, படிப்பாளி. சரக்கு வண்டியில் பெட்டி பூட்டுவதுபோல. அரபியில் அப்படியன்று. மூன்று மெய்யெழுத்துகளே வேர். அவற்றின் இடையே உயிரொலிகளைப் பெய்து பெய்து சொற்களைப் படைக்கிறார்கள். க்-த்-ப் என்ற வேரைப் பாருங்கள். கதப, எழுதினான், காதிப், எழுதுபவன், மக்தூப், எழுதப்பட்டது, மக்தப், எழுதும் இடமாகிய அலுவலகம், கிதாப், நூல், மக்தபா, நூலகம். ஒரே விதை, ஒரு தோப்பு. அகராதியிலும் வேரின்படியே சொற்கள் அடுக்கப்பட்டிருக்கும். 'மக்தபா'வை மகரத்தில் தேடினால் கிடைக்காது, ககரத்தில் தேடவேண்டும். ஆகவே வேரைப் பிரித்தறியத் தெரியாதவன் அகராதியைக்கூடத் திறக்க முடியாது.

அந்த அகராதியைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி. அரபு மாணவர்கள் பல தலைமுறைகளாகப் புரட்டிவரும் 'அல்-முன்ஜித்' என்னும் புகழ்பெற்ற அகராதியை 1908இல் பெய்ரூட்டில் வெளியிட்டவர் லூயி மஅலூஃப் என்ற இயேசு சபைக் குரு. லெபனானில் பிறந்த அரபியர். வீரமாமுனிவரின் சதுரகராதியைத் தமிழர் எவ்வாறு மதம் பாராது போற்றினரோ, அவ்வாறே இந்நூலும் மதரஸாக்களின் அலமாரிகளிலும் இடம்பெற்றது.

முதலாண்டில் ஏறும் உற்சாகம் இரண்டாமாண்டில் இறங்கிவிடும் என்றார் மகள். தொடங்கியவரில் பாதிக்குமேல் அங்கே நின்றுவிடுகின்றனராம். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தபோது வியப்பாக இல்லை. ஒருமை, பன்மையோடு இருமை என்றொன்று உண்டு. இரண்டு நூல்களுக்குத் தனி வடிவம். பன்மைக்கு நம்முடைய 'கள்' போல ஒரே வழி இல்லை. கிதாப் என்பதன் பன்மை குதுப், வலத் என்பதன் பன்மை அவ்லாத், பைத் என்பதன் பன்மை புயூத். ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்யவேண்டியதுதான். மூன்று முதல் பத்துவரை எண்ணும்போது, ஆண்பாற் பெயருக்குப் பெண்பால் எண்ணும், பெண்பாற் பெயருக்கு ஆண்பால் எண்ணும் வரவேண்டும் என்பது இலக்கணம். இதற்கு நியாயம் கேட்டுப் பயனில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, பாடநூலில் உயிரொலிகளைக் காட்டிநின்ற குறிகள் செய்தித்தாளிலும் அலுவலகத் தாளிலும் மறைந்துவிடும். மெய்யெழுத்துகள் மட்டும் நிற்கும். உயிரைப் படிப்பவரே ஊட்டவேண்டும்.

அமெரிக்க அயலுறவுத் துறை தன் அலுவலர்க்கு மொழி கற்பிக்கையில், ஸ்பானிய மொழிக்கு 600 முதல் 750 வகுப்பு மணியும், அரபுக்கு 2200 மணியும் ஒதுக்குகிறது. நம் மகள் வாரம் மூன்று மாலைகள், ஒன்றரை மணி நேரம் வீதம் இரண்டாண்டு படித்தால் ஏறத்தாழ 300 மணி தேறும். இதைக்கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். அறிவிப்புப் பலகையையும் எளிய கடிதத்தையும் படிக்கலாம். அலுவலகத் தாளை அகராதியோடு அமர்ந்து விடுவிக்கலாம். வானொலிச் செய்தியைக் கேட்ட வேகத்தில் பின்தொடர முடியாது. ரியாத் கட்டட வேலையில் மேற்பார்வையாளர் கத்துவது புரியவே புரியாது. ஏனெனில் அவர் பேசுவது வேறு அரபு. 'என்ன வேண்டும்?' என்பதற்கு வகுப்பில் கற்பது 'மாஃதா துரீது'. வளைகுடாத் தெருவில் கேட்பது 'எஷ் தபீ'.

இதைக் கண்டு ஐரோப்பிய மாணவர் திகைக்கலாம், நாம் திகைக்கவேண்டுவதில்லை. மேடையில் ஒரு தமிழும் காசிமேட்டு மீன் ஏலத்தில் ஒரு தமிழும் பேசி வளர்ந்தவர்கள் நாம். வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் கொடுந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் எழுதவேண்டியிருந்தது அன்றோ? இரண்டு தமிழை ஒரே வாயில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இரண்டு அரபு புதுமையன்று. ஆனால் வேலைக்குப் போகிறவர் எதை முதலில் கற்கவேண்டும் என்று கேட்டால், பேச்சு அரபு ஆறு மாதத்தில் அங்கேயே காதில் ஏறிவிடும், எழுத்து அரபு ஏறாது என்பதே என் கருத்து. பதினைந்து ஆண்டு அங்கிருந்து சரளமாகப் பேசித் திரும்பியவர்களும் தம் சம்பளச் சீட்டைப் படிக்க இயலாதவர்களாக இருப்பதைக் காண்கிறோம். கையெழுத்து எழுத்துக்குக் கீழேதான் போடப்படுகிறது. பேச்சுக்குக் கீழே அன்று.

இனி 'இஸ்திகாலா'வுக்கு வருவோம். அரபு வினைகளுக்குப் பத்து வாய்பாடுகள் உண்டு. ஐன்-லாம்-மீம் என்ற வேரைக்கொண்டு விளக்கினார் மகள். அலிம என்றால் அறிந்தான். அல்லம, அறிவித்தான், அதாவது கற்பித்தான். இதிலிருந்தே முஅல்லிம், நம் மாலுமி. தஅல்லம, கற்றான். பத்தாம் வாய்பாட்டில் 'இஸ்த' என்ற முன்னொட்டு வரும். அது பெரும்பாலும் 'வேண்டினான்' என்ற பொருளைத் தரும். இஸ்தஅலம, அறிய வேண்டினான். விமான நிலையங்களில் விசாரணை இடத்தின்மேல் 'இஸ்திஅலாமாத்' என்று எழுதியிருப்பது இதனால்தான். இஸ்லாமியர் மன்னிப்பு வேண்டுவது இஸ்திக்ஃபார். மழை வேண்டித் தொழுவது இஸ்திஸ்கா. இந்த வாய்பாடு இடைநிலைப் பாடத்தில் வருவது. தொடக்க மாணவருக்குத் தெரியாது.

ஆகவே 'இஸ்திகாலா' எதையோ வேண்டுவது என்பது மட்டும் அவருக்கு உடனே விளங்கியது. எதை? முன்னொட்டை நீக்கினால் காஃப் எழுத்தும் லாமும் நிற்கின்றன. நடு எழுத்தைக் காணோம். வலிமையற்ற எழுத்தாகிய 'யா' நெட்டுயிருக்குள் கரைந்து ஒளிந்திருக்கிறது. இவ்வகை வேர்களே இரண்டாமாண்டு மாணவரை அழவைப்பவை. இரவு பதினொரு மணிக்கு அகராதியில் காஃப்-யா-லாம் என்ற இடத்தில் சொல் கிடைத்தது: பொறுப்பிலிருந்து விடுவிக்குமாறு வேண்டுதல், பணி விலகல், இராஜினாமா.

மாமன் இராஜினாமா செய்யவில்லை. அவருடைய ஒப்பந்தக் காலம் முடிந்தது. அதற்கு அரபியில் 'இன்திஹா உல்-அக்த்' என்று வேறு சொல் உண்டு. தாளில் அச்சொல் இருந்திருந்தால் 8250 ரியால். ஐந்து ஆண்டுக்கு மேலும் பத்தாண்டுக்கு உட்பட்டும் பணிபுரிந்தவர் தாமாக விலகினால் மூன்றில் இரண்டு பங்குதான் என்கிறது அதே சட்டம், ஆகவே 5500. ஒரு சொல்லின் விலை 2750 ரியால். நம் பணத்தில் அறுபதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. அதைத் தெரிந்தே எழுதினார்களா, வழக்கமான அச்சுத் தாளை நீட்டினார்களா என்பதை நான் அறியேன். பணி முடிந்து பன்னிரண்டு மாதத்திற்குள் முறையிடவேண்டும் என்பது விதி. ஒப்பந்தத்தின் படியைத் தேடியெடுத்து, இந்தியத் தூதரகத்தின் வழியாக மனு அனுப்பியிருக்கிறோம். இதை எழுதும் நாள்வரை விடை வரவில்லை.

இவ்விவரம் பங்கில் பரவியபோது மூத்தவர் ஒருவர் என்னிடம் வந்தார். "அது இஸ்லாத்து பாஷை ஆச்சே சாமி, நம்ம பிள்ளைங்க படிக்கலாமா?" என்று கேட்டார். தீய எண்ணத்தோடு கேட்டவர் அல்லர். ஆதலால் விரிவாகவே விடை கூறினேன். பெந்தகோஸ்தே நாளில் எருசலேமில் தம் மொழியில் கேட்டவர்களின் பட்டியலில் அரபியரும் இருக்கின்றனர். திருத்தூதர் பணிகள் நூலைத் திறந்து காட்டினேன். லெபனான், சிரியா, ஈராக், எகிப்து நாடுகளின் கிறிஸ்தவர்கள் இன்றும் அரபியிலேயே செபிக்கின்றனர். கடவுளை 'அல்லா' என்றே அழைக்கின்றனர். கத்தோலிக்க நாடான மால்ட்டாவின் மொழி அரபியிலிருந்து பிறந்தது. அங்கே தவக்காலத்திற்குப் பெயர் 'ரன்டான்'. மயோர்க்காத் தீவின் ரமோன் லுல் 1276இலேயே துறவியருக்கு அரபு கற்பிக்க ஒரு மடம் அமைத்தார். அவர் விடாது வேண்டியதன் பயனாக, 1311-12இல் கூடிய வியன் பொதுச்சங்கம் பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு, பொலோஞ்ஞா, சலமான்கா ஆகிய இடங்களில் அரபு ஆசிரியர்களை அமர்த்தப் பணித்தது. 2012 அக்டோபரில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் புதன்கிழமைப் பொதுச் சந்திப்பின் மொழிகளுள் அரபியையும் சேர்த்தார்.

குருமடத்தில் நான் கற்ற கொஞ்ச எபிரேயம் மகளின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தபோது விழித்துக்கொண்டது. ஷாலோமும் சலாமும் உடன்பிறப்புகள். இயேசு இறந்த சிறுமியை எழுப்பிய அரமேயச் சொல்லில் வரும் 'கூம்', அரபியிலும் 'எழு' என்பதே. பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் அப்பத்தின் வீடு. அதே பெயர் அரபியில் 'பைத் லஹ்ம்', இறைச்சியின் வீடு! ஒரே சொல் ஓரிடத்தில் உழவரின் உணவையும் மற்றோரிடத்தில் ஆயரின் உணவையும் குறித்துவிட்டது. மூத்தவர் இதைக் கேட்டு மகிழ்ந்தார். ஆனால் அவர் மனம் மாறியது இதனால் அன்று, அறுபதாயிரம் ரூபாய் கணக்கினால்தான் என நினைக்கிறேன். அவருடைய பேரன் அடுத்த ஆண்டு கத்தார் செல்ல இருக்கிறான்.

இப்போது சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மறைக்கல்வி அறையில் மகள் வகுப்பு எடுக்கிறார். பல்கலைக்கழகத்திற்கு மாற்றாக அன்று. அங்கே போகத் துணிவு வருவதற்காக. ஏழு பேர் வருகின்றனர்: நான்கு இளைஞர், செவிலியர் பயிற்சி முடித்த இரு பெண்கள், எர்ணாவூர் வெல்டர். கரும்பலகையில் ஒருபுறம் எழுத்துகள். மறுபுறம் ஒவ்வொரு வாரமும் ஐந்து சொற்கள். ராதிப், சம்பளம். அக்த், ஒப்பந்தம். இஜாஸா, விடுமுறை. இகாமா, தங்கும் அனுமதி. கஃபீல், பொறுப்பேற்பவர். இச்சொல்லின் வேரே அனாதைக் குழந்தையைப் பேணுவதற்கும் வழங்கும் என்று மகள் சொன்னபோது, வெல்டர் ஒன்றும் பேசாமல் அதை மட்டும் இருமுறை எழுதிக்கொண்டார். சென்ற வாரம் 'ஐன்' எழுத்து. ஏழு பேரும் ஒரே நேரத்தில் தொண்டையை இறுக்கிச் சொன்னதில், பக்கத்து அறையில் பாடல் பயிற்சி செய்துகொண்டிருந்த பாடகர் குழுவினர் யாருக்கோ உடல்நலம் இல்லை என்று தண்ணீரோடு ஓடிவந்தனர். வரும் வாரம் எண்கள்.